நேரில் ஓடும் சாப்ட்வேர் ரிமோட்டில் ஏன் ஓடுவதில்லை?

வீட்டில் உட்கார்ந்தபடியே அலுவலகக் கம்ப்யூட்டரை இயக்கலாம் என்று கேள்விப்பட்டு, புதிதாக வாங்கிய லேப்டாப்பில் ரிமோட் டெஸ்க்டாப்பை முயற்சி செய்தவர்கள் இந்த அனுபவத்தைச் சந்தித்திருக்கலாம். வேர்டு திறக்கிறது. எக்ஸெல் திறக்கிறது. பிரவுசரும் திறக்கிறது. ஆனால் எந்த சாப்ட்வேருக்காக இவ்வளவும் செய்தோமோ அது மட்டும் திறக்காது. ஐகானில் டபுள் க்ளிக் செய்தால் அதன் பெயர் தாங்கிய படம் ஒரு நொடி தோன்றும், பிறகு மறைந்துவிடும். எர்ரர் மெசேஜ் கூட வராது. அலுவலகத்துக்குப் போன் செய்தால் "இங்கே நல்லாத்தானே ஓடுது" என்பார்கள்.

அவர்கள் சொல்வதும் உண்மை, நீங்கள் பார்ப்பதும் உண்மை. தொழிற்சாலைகளில் பயன்படும் சாப்ட்வேர்களில் இது அடிக்கடி நடக்கும். அந்தத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு இரவு முக்கால் மணி நேரம் வீணாக்கினேன். அந்த இரவில் நடந்ததைச் சொல்லி, அதன் வழியாகவே விஷயத்தை விளக்குகிறேன்.

மூன்று டேங்க், ஒரு ஐகான்

ஈரோடு பக்கம் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம். 5000 லிட்டர் பிடிக்கும் டேங்குகள் மூன்று. கறந்த பால் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூட்டோடு வரும். அதைச் சில மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். தாமதமானால் பாக்டீரியா பெருகிப் பால் புளித்துவிடும். புளித்த பாலை மேலே இருக்கும் பால் பண்ணை வாங்காது. நஷ்டம் நிலையத்துக்கு மட்டுமல்ல, அன்று பால் ஊற்றிய விவசாயிகளுக்கும் போய்ச் சேரும்.

டேங்குகளின் வெப்பநிலை, கம்ப்ரஸர் ஓடுகிறதா, கலக்கி சுற்றுகிறதா என்பதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் திரையில் காட்டி, பதிவு செய்து, ஏதாவது எல்லை மீறினால் அலாரம் அடிக்கும் சாப்ட்வேருக்கு ஸ்காடா என்று பெயர். இங்கு ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கம்ப்ரஸரை ஓட்டுவதும் நிறுத்துவதும் இந்தக் கம்ப்யூட்டர் அல்ல. அதைச் செய்வது பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி. என்ற சிறிய கட்டுப்பாட்டுக் கருவி. கம்ப்யூட்டர் நின்றாலும் பி.எல்.சி. தன் வேலையைப் பார்க்கும். ஆனால் அங்கு என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அலாரமும் அடிக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போலத்தான்.

அன்று இரவு 9 மணிக்கு மின்சாரம் போயிருக்கிறது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்து கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. 10.45-க்கு மின்சாரம் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாக பூட் ஆகி, பாஸ்வேர்டு கேட்டு நின்றது. ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, கரண்டு வந்துருச்சுங்க. ஆனா டிவியில டேங்க் படமெல்லாம் காணோமுங்க. பேரு கேட்டு நிக்குதுங்க."

மானிட்டரை அவர் டிவி என்றுதான் சொல்வார். "நீங்க ஒண்ணும் தொடாதீங்கண்ணா, நானே உள்ளே வந்து ஓட்டி விட்டுடறேன்" என்றேன். என் முதல் தவறு இதுதான். அது ஏன் தவறு என்பது பின்னால் புரியும்.

உள்ளே நுழைவது எப்படி?

புதியவர்களுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தினால் ரன் பாக்ஸ் வரும். அதில் எம், எஸ், டி, எஸ், சி ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் என்ற சிறிய விண்டோ திறக்கும். அதில் எதிர்முனைக் கம்ப்யூட்டரின் பெயரையோ ஐ.பி. முகவரியையோ கொடுத்து கனெக்ட் பட்டனில் க்ளிக் செய்ய வேண்டும்.

எதிர்முனைக் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் அதை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும். அந்த ஸ்விட்ச் விண்டோஸ் ப்ரோ போன்ற பதிப்புகளில்தான் வேலை செய்யும். ஹோம் எடிஷன் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குள் போகலாம். ஹோம் எடிஷனுக்குள் இந்த முறையில் யாரும் வர முடியாது. புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம் எடிஷன்தான் வருகிறது என்பதால் பலர் இங்கேயே குழம்பிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. பாஸ்வேர்டே வைக்காத யூசர் கணக்கை விண்டோஸ் சாதாரணமாக ரிமோட்டில் அனுமதிக்காது. திரையைத் திறக்க நீங்கள் தினமும் போடும் நான்கு இலக்க பின் எண்ணும் இங்கு செல்லாது. உண்மையான பாஸ்வேர்டைத்தான் தர வேண்டும்.

நான் வி.பி.என். இணைப்பு வழியாக அந்த நிலையத்தின் நெட்வொர்க்கில் சேர்ந்து, ஆபரேட்டர் கணக்கிலேயே ரிமோட்டில் நுழைந்தேன். ஸ்காடா ஐகானில் டபுள் க்ளிக் செய்தேன். படம் வந்தது, மறைந்தது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் மறைந்தது.

ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், பலனில்லை. திடீரென்று மின்சாரம் போனதில் பைல் ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். அது இரண்டாவது தவறு. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாம் என்று செட்டப் பைலை அனுப்பத் தொடங்கினேன். ஒன்றரை ஜி.பி. பைல், கிராமத்து இணைப்பில் நத்தை வேகம். அந்தக் காத்திருப்பில்தான் புத்தி வந்தது. நான் ஐகானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், பால் என்ன சூட்டில் இருக்கிறது?

"அண்ணா, டேங்குல வட்டமா ஒரு மீட்டர் இருக்குமே, அதைப் பார்த்துச் சொல்லுங்க."

ஒன்றாவது டேங்க் 4. இரண்டாவது 4. மூன்றாவது 14. சாயங்காலப் பால் மூன்றாவது டேங்கில்தான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னேன். அப்போதும் 14. மின்சாரம் வந்து ஒரு மணி நேரமாகியும் முள் அசையவில்லை என்றால் கம்ப்ரஸர் ஓடவில்லை என்றுதான் பொருள். பேனலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். மின்சாரம் திரும்பும்போது ஒரு பேஸ் தாமதமாக வந்ததில் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ட்ரிப் ஆகி நின்றிருந்தது. மூன்று பேஸ் விளக்கும் எரிகிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு அவர் ரீசெட் பட்டனை அழுத்தினார். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கிய சத்தம் போனிலேயே கேட்டது. ஸ்காடா ஓடியிருந்தால் மின்சாரம் வந்த ஐந்தாவது நிமிடமே இதைச் சொல்லியிருக்கும்.

"கால் மணிக்கு ஒரு தடவை மூணு மீட்டரையும் நோட்டுல எழுதிட்டே இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அதன்பின் நிதானமாக சாப்ட்வேர் பக்கம் வந்தேன். பைல் அனுப்புவதை நிறுத்தினேன்.

செத்ததா, தானே போனதா?

ஒரு ப்ரோக்ராம் திறந்து உடனே மறைந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கோளாறால் விழுந்ததா? அல்லது எதையோ பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அதுவே வெளியேறியதா?

இதற்கு ஈவென்ட் வியூவர் உதவும். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தாலே வந்துவிடும். இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதன்கீழ் அப்ளிகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாப்ட்வேர் மறைந்த அதே நேரத்துக்கு நேராக, சிவப்புக் குறியுடன் அப்ளிகேஷன் எர்ரர், ஈவென்ட் எண் 1000 என்று ஒரு பதிவு இருந்தால் அது கோளாறால் விழுந்தது. எந்த பைலில் விழுந்தது என்பதையும் அந்தப் பதிவு சொல்லும்.

நான் பார்த்தபோது அப்படி ஒரு பதிவும் இல்லை. ஆக, பைல் கெட்டுப்போகவில்லை. சாப்ட்வேர் தானே முடிவெடுத்து வெளியேறியிருக்கிறது. அப்படியானால் காரணத்தை எங்காவது எழுதி வைத்திருக்கும்.

பல சாப்ட்வேர்கள் தங்கள் லாக் பைல்களை ப்ரோக்ராம்டேட்டா என்ற போல்டரில் வைக்கும். அது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத போல்டர். ரன் பாக்ஸில் ஒரு சதவீதக் குறி, பிறகு ப்ரோக்ராம்டேட்டா, மீண்டும் ஒரு சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகலாம். சாப்ட்வேர் கம்பெனியின் பெயரில் உள்ள போல்டரைத் திறந்து, பைல்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். மேலே இருப்பதுதான் கடைசியாக எழுதப்பட்டது. நோட்பேடில் திறந்தால் போதும். பார்க்க மிரட்டும்; பயப்பட வேண்டாம், கடைசி இருபது வரிகளை மட்டும் படியுங்கள்.

என் கேள்விக்கு விடை கடைசியிலிருந்து மூன்றாவது வரியில் இருந்தது. டெர்மினல் சர்வீஸ் வழியாக வருபவருக்கு இந்த லைசென்ஸில் அனுமதி இல்லை என்ற பொருளில் ஒரு வரி. முக்கால் மணி நேரம் அலைந்ததற்குப் பதில் இரண்டு நிமிடத்தில் படித்திருக்க வேண்டியது.

செஷன் என்றால் என்ன?

அந்த வரியைப் புரிந்துகொள்ள, விண்டோஸ் உங்களை எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். நீங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லாக்-இன் செய்தால் விண்டோஸ் உங்களுக்கென ஓர் அறை ஒதுக்குகிறது. அதன் பெயர் செஷன். நேரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தரும் செஷன் கன்சோல் எனப்படும். அந்த அறையிலிருந்து உண்மையான மானிட்டர், உண்மையான கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கைக்கெட்டும். ரிமோட்டில் வருபவரின் செஷன் வேறு வகை. அங்கு மானிட்டர் கிடையாது. விண்டோஸ் ஒரு பொய் மானிட்டரை உருவாக்கி, அதில் வரைந்த படத்தை உங்கள் லேப்டாப்புக்கு அனுப்புகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து எக்கோ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, சதவீதக் குறி, செஷன்நேம், சதவீதக் குறி என்று சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். நேரில் இருந்தால் கன்சோல் என்று பதில் வரும். ரிமோட்டில் இருந்தால் ஆர்.டி.பி. என்று தொடங்கும் பெயரும் ஓர் எண்ணும் வரும். க்வெரி செஷன் என்று டைப் செய்தால் எல்லா செஷன்களின் பட்டியலும் கிடைக்கும். அதில் 0 என்ற எண்ணுள்ள செஷன் சர்வீஸ்களுக்கானது. விஸ்டா காலத்திலிருந்து மனிதர்களுக்கு அதில் இடமில்லை. பழைய புத்தகங்களில், ரிமோட் கமாண்டின் பின்னால் ஸ்லாஷ் கன்சோல் என்று சேர்த்தால் எல்லாம் ஓடும் என்று படித்திருப்பீர்கள். எக்ஸ்பி, சர்வர் 2003 நாட்களில் அதற்குப் பயன் இருந்தது. விண்டோஸ் 10, 11-ல் அது உங்களைக் கன்சோலுக்குக் கொண்டுபோகாது. வீணாக முயல வேண்டாம்.

எந்த ப்ரோக்ராமும் விண்டோஸிடம் "நான் இருப்பது ரிமோட் செஷனா?" என்று ஒரு கேள்வி கேட்டு பதில் பெறலாம். ரிமோட்டில் அலங்கார அசைவுகளைக் குறைத்து வேகமாக இயங்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துக்கும் இது உதவும். லைசென்ஸ் சோதிக்கும் ப்ரோக்ராம்கள் இதே கேள்வியை வேறு காரணத்துக்காகக் கேட்கின்றன. விண்டோஸ் சர்வரில் ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் பலர் ரிமோட்டில் வர முடியும். ஒரு கம்ப்யூட்டருக்கென்று வாங்கிய ஒரு லைசென்ஸை வைத்து இருபது பேர் வேலை செய்துவிட்டால் விற்றவர் கதி என்னாவது? அதனால் ரிமோட் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தொழில்துறையில் பரவலாக உள்ள ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் முறையில், ரிமோட்டில் ஓட அனுமதிப்பதற்கென்றே டி.எஸ். ஓ.கே. என்ற ஒரு தனிச்சொல் உண்டு. கம்பெனி தரும் லைசென்ஸ் பைலில் அந்தச் சொல் இருந்தால் ஓடும், இல்லையென்றால் ஓடாது. நாமாக அதை எழுதிச் சேர்த்துவிட முடியாது. பைலில் உள்ள கையொப்பம் பொருந்தாமல் லைசென்ஸே செல்லாமல் போகும்.

எனக்குக் கோபம் வந்தது என்னவோ உண்மை. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய விண்டோஸ் 10 ப்ரோவில் இருபது பேர் எங்கிருந்து வருவார்கள்? போகட்டும், குறைந்தபட்சம் அந்தக் காரணத்தை ஒரு மெசேஜாகத் திரையில் காட்டியிருக்கலாம்.

ஒரு சின்ன சோதனை

காரணம் இதுதானா என்று உறுதிப்படுத்த எளிய வழி, நேரில் ஒருவரை ஓட்டச் சொல்வது. நான் ரிமோட்டிலிருந்து சைன்-அவுட் செய்து வெளியே வந்துவிட்டு ஆபரேட்டர் அண்ணனிடம் சொன்னேன். பாஸ்வேர்டு அவருக்கு நினைவில்லை. ஆனால் மானிட்டர் ஓரத்தில் யாரோ ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். அன்று மனம் வரவில்லை. அவர் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து டைப் செய்து உள்ளே போனார். ஐகானைக் க்ளிக் செய்தார்.

"வந்துருச்சுங்க தம்பி! மூணாவது டேங்கு 11 காட்டுதுங்க."

நான் முதலிலேயே "தொடாதீங்க" என்று சொல்லாமல் இதைச் செய்யச் சொல்லியிருந்தால் எல்லாம் 10.50-க்கே முடிந்திருக்கும்.

அதன்பின் நான் அதே ஆபரேட்டர் கணக்கில் ரிமோட்டில் நுழைந்தேன். கணக்கு ஒன்றே என்பதால் விண்டோஸ் புது அறை தரவில்லை. அவர் திறந்து வைத்த அதே செஷனை, ஓடிக்கொண்டிருந்த ஸ்காடாவுடன் சேர்த்து, என் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டது. சாப்ட்வேர் ஓடியபடியே இருந்தது. ஆக, லைசென்ஸ் சோதனை ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான். எல்லா சாப்ட்வேரும் இப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில சாப்ட்வேர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பச் சோதித்து, நடுவில் மூடிக்கொள்ளும். உங்கள் லைசென்ஸ் ஒப்பந்தம் ரிமோட்டில் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னால், இந்த வழியில் தப்பிக்க நினைக்காமல் அதற்குரிய லைசென்ஸை வாங்குவதுதான் முறை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10, 11-ல் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் திரை. நான் ரிமோட்டில் இருக்கும்போது அங்கே மானிட்டரில் பூட்டுத் திரைதான் தெரியும். அதாவது வீட்டில் இருக்கும் நான் டேங்கைப் பார்க்கிறேன், டேங்க் பக்கத்தில் இருப்பவரால் பார்க்க முடியவில்லை! அதனால் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தேன். அவர் மறுபடி பாஸ்வேர்டு போட்டதும் அதே செஷன், ஓடும் சாப்ட்வேருடன், அவர் திரைக்குப் போனது.

வெளியே வருவதிலும் வித்தியாசம் உண்டு. மேலே உள்ள பெருக்கல் குறியை க்ளிக் செய்தால் இணைப்புதான் அறும். செஷனும் அதிலுள்ள ப்ரோக்ராம்களும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் மெனு வழியாக சைன்-அவுட் செய்தால்தான் எல்லாம் மூடப்படும். ஓடும் ஸ்காடாவை விட்டு வரும்போது பெருக்கல் குறி. மற்ற நேரங்களில் சைன்-அவுட்.

ஆள் இல்லாத இடத்தில்?

நேரில் க்ளிக் செய்ய யாருமே இல்லையென்றால் டி.எஸ்.கான் என்ற கமாண்ட் இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் இதைக் கொடுத்து, உங்கள் செஷன் எண்ணையும் டெஸ்ட் கன்சோல் என்ற குறிப்பையும் சேர்த்தால், உங்கள் ரிமோட் இணைப்பு அறுந்து, அந்த செஷன் அப்படியே அங்குள்ள கன்சோலுக்கு மாறும். ஒரு பேட்ச் பைலில் முதல் வரியாக இந்தக் கமாண்டையும் அடுத்த வரியாக சாப்ட்வேரை ஓட்டும் கமாண்டையும் எழுதி வைத்தால், சாப்ட்வேர் கன்சோலில் ஓடத் தொடங்கிவிடும். பிறகு நீங்கள் மறுபடி ரிமோட்டில் நுழையலாம்.

இதன் ஆபத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். டி.எஸ்.கான் கொடுத்த நொடியில் அங்கே மானிட்டர் பூட்டில்லாமல் திறந்து கிடக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பரவாயில்லை. வால்வைத் திறக்கும் பட்டனும் மோட்டாரை நிறுத்தும் பட்டனும் உள்ள திரையை நடுராத்திரியில் ஆளில்லாத அறையில் திறந்து போடுவது எனக்குச் சம்மதமில்லை. அன்று ஆபரேட்டர் அண்ணன் இருந்ததால் அந்த வழிக்கே நான் போகவில்லை.

வேறு காரணங்கள்

லைசென்ஸ் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் அடிக்கடி சந்திப்பவை இவை.

டாங்கிள் என்ற யு.எஸ்.பி. பூட்டு. சில சாப்ட்வேர்கள் இதைச் செருகியிருந்தால்தான் ஓடும். அது எதிர்முனைக் கம்ப்யூட்டரில் விளக்கெரிய செருகியிருந்தும், ரிமோட்டில் காணவில்லை என்ற மெசேஜ் வரலாம். டாங்கிளின் டிரைவரே ரிமோட் செஷனை மறுப்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரஸ்யமானது: சில டாங்கிள்கள் உள்ளுக்குள் ஸ்மார்ட் கார்டு ரீடர் போல நடிக்கும். ரிமோட் செஷனில் விண்டோஸ் ஸ்மார்ட் கார்டை எதிர்முனையில் தேடாது. உங்கள் கையில் இருக்கும் லேப்டாப்பில்தான் தேடும். அங்கே இருப்பது இதற்குத் தெரியவே தெரியாது.

அடுத்து கிராபிக்ஸ். முப்பரிமாணப் படம் வரையும் டிசைன் சாப்ட்வேர்கள் ஓபன்ஜி.எல். என்ற வசதியை நம்பியுள்ளன. விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளில் ரிமோட்டில் நுழைந்தால் கிராபிக்ஸ் கார்டு மறைந்து, மைக்ரோசாப்டின் பழைய ஓபன்ஜி.எல். 1.1 மட்டும் கிடைக்கும். அதைப் பார்த்ததும் புதிய சாப்ட்வேர் ஓட மறுக்கும். விண்டோஸ் 10 ப்ரோ, 11 ப்ரோவில் க்ரூப் பாலிசி எடிட்டரில், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்ற பகுதியின் கீழ், எல்லா ரிமோட் செஷன்களுக்கும் ஹார்டுவேர் கிராபிக்ஸைப் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு பாலிசி இருக்கிறது. அதை எனேபிள் செய்து பாருங்கள். என்விடியா ஜீஃபோர்ஸ் கார்டுகளுக்கு இதே பிரச்சினையைத் தீர்க்க 2020-ல் அந்தக் கம்பெனியே ஒரு சிறு டூல் வெளியிட்டது.

மூன்றாவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது. ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பிரதிக்கு மேல் ஓடாத சாப்ட்வேர்கள் உண்டு. போன வாரம் நீங்கள் வேறு கணக்கில் நுழைந்து பெருக்கல் குறியால் வெளியேறியிருந்தால், அந்த செஷனில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது திறந்தால் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் டேபைத் திறந்தால் குட்டு வெளிப்படும். இதை நானே செய்துவிட்டு, வாடிக்கையாளரிடம் "வைரஸாக இருக்கலாம்" என்று சொன்ன கதை தனி.

நான்காவதைக் கேட்டால் சிரிப்பு வரும். சாப்ட்வேர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், விண்டோ திரைக்கு வெளியே இருக்கும்! அலுவலகத்தில் இரண்டு மானிட்டர், வீட்டில் ஒரு லேப்டாப் என்றால் இது நடக்கும். டாஸ்க்பாரில் ஐகான் தெரிந்து, திரையில் ஒன்றும் இல்லையென்றால், ஐகானைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ், ஷிப்ட், இடது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு மானிட்டர் மட்டும் இருந்து விண்டோ நகரவில்லையென்றால் ஆல்ட் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி, எம் எழுத்தைத் தட்டி, அம்புக் கீகளால் இழுத்து வரலாம். விண்டோஸ் கீயை எதிர்முனைக்கு அனுப்ப, ரிமோட் விண்டோ முழுத்திரையில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு

மறுநாள் சாப்ட்வேர் விற்றவரிடம் பேசினோம். ரிமோட் அனுமதியுள்ள லைசென்ஸ் இருக்கிறது என்றார். நிலைய உரிமையாளர் விலையைக் கேட்டுவிட்டு "அதுல ஒரு மாடு வாங்கலாமே" என்றார். எனக்கும் அது தேவையாகத் தோன்றவில்லை. ஸ்டார்ட் ஆவது நேரில் நடந்துவிட்டால் போதும். வெளியிலிருந்து எனக்குத் தேவை பார்ப்பது மட்டும்தானே?

அதற்கு வி.என்.சி. வகை சாப்ட்வேர் பொருத்தமாக இருந்தது. இது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் 1990-களில் உருவானது. ரிமோட் டெஸ்க்டாப் போலப் புது செஷன் தராது. கன்சோலில் தெரியும் படத்தையே இங்கேயும் காட்டும். ஆபரேட்டரும் நானும் ஒரே திரையை ஒரே நேரத்தில் பார்க்கலாம், அங்கே பூட்டும் விழாது. படம் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். ஆபரேட்டர் லாக்-இன் செய்தவுடன் ஸ்காடா தானாக ஓடும்படி அதன் ஷார்ட்கட்டை ஸ்டார்ட்-அப் போல்டரில் போட்டோம். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, அவருக்கு நினைவில் நிற்கும்படி அவரே ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டார்.

இவற்றைவிட முக்கியமானது, கம்ப்யூட்டரை நம்பாத ஓர் அலாரம். பி.எல்.சி.யிலேயே ஒரு சிறிய ஜி.எஸ்.எம். கருவியை இணைத்தோம். டேங்க் வெப்பநிலை குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்காவிட்டால் அது நேராக மூன்று பேருக்குப் போன் செய்யும். விண்டோஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை.

இன்னொன்று. வி.பி.என். எதற்கு, ரௌட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டால் நேராக ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்துவிடலாமே என்று அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் கேட்டார். வந்துவிடலாம், உலகத்தில் உள்ள மற்றவர்களும் வந்து கதவைத் தட்டுவார்கள். 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, பாஸ்வேர்டே தெரியாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வர முடியும் என்ற நிலை இருந்தது. சப்போர்ட் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாப்ட் அப்டேட் வெளியிட வேண்டிய அளவுக்கு அது தீவிரமாக இருந்தது. வி.என்.சி.க்கும் இதே விதிதான்: எதுவாக இருந்தாலும் வி.பி.என்.னுக்கு உள்ளேதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், அந்தக் கம்ப்யூட்டரை மாற்றும் வேலை இப்போது என் பட்டியலில் முதலில் இருக்கிறது. புதியதில் ஸ்காடாவை இன்ஸ்டால் செய்ததும், நான் அங்கு இருக்கும்போதே ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்க்கப் போகிறேன். ஆபரேட்டர் அண்ணனிடம் முன்பே சொல்லிவிட்டேன். "பால் இல்லாத நேரமாப் பாத்து வாங்க தம்பி" என்றார். மீட்டர் பார்த்து எழுதும் நோட்டை அவர் இன்னும் நிறுத்தவில்லை.